சிங்கப்பூரில் கப்பல் ஏறுமுன் ஒரு ராத்திரி

அட்டன், நுவரெலியாப் பக்கமிருந்து சிங்கப்பூர் போய் குரூஸ் ஏறப்போறவங்க, கப்பல் கிளம்புற நாளிலேயே போய் இறங்குற மாதிரி டிக்கெட் போடாதீங்க. மழைக்கு கொழும்புக்கு இறங்குற வழியில கினிகத்தேனைப் பக்கம் மண் சரிஞ்சா பிளேன் தவறும், கப்பல் காத்திருக்காது. அங்கே நேரமும் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னுக்கு.

முதல்ல கப்பல் கிளம்புறது எந்த முனையம்னு பாருங்க, இரண்டு இருக்கு. ஹார்பர்ஃபிரண்ட்னா லிட்டில் இந்தியாவில் தங்குங்க. ஊதா நிறப் பாதை ரயில், மாறாமப் போகலாம். மரினா பே முனையம்னா டோபி காட்டில் சிவப்புப் பாதைக்கு மாறி, கடைசி நிலையமான மரினா சவுத் பியரில் இறங்கணும். பேரை நம்பி மரினா பே நிலையத்தில் இறங்கிடாதீங்க!

சிங்கப்பூர் வருகை அட்டையை (SG Arrival Card) இறங்குறதுக்கு முந்தின 3 நாளுக்குள்ள இணையத்தில நிரப்பணும், இலவசம். பாஸ்போர்ட், மருந்து கைப்பையில. மெல்லுற புகையிலை அங்கே தடை. அம்மாயி கூட வந்தா வெத்திலைப் பையையும் ஒருதரம் உதறிப் பாருங்க.