விழுங்கிய வசனங்கள்

பெரியம்மாவின் கண்ணில் புரை விழுந்ததிலிருந்து, மட்டக்களப்பு, கல்லடி வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வேதத்திலிருந்து சங்கீதம் வாசிப்பது என் பொறுப்பு. நாளுக்கு ஒன்று. 109க்கு வந்த இரவு, 5ஆம் வசனத்திலிருந்து 21க்குத் தாவினேன். நுளம்பு விரட்டிக்கொண்டிருந்த விசிறி நின்றது.

“மகள், நடுவில் விழுங்கிவிட்டாய்.”

விழுங்கியது சாபம். எதிரியின் நாட்கள் குறைய வேண்டும், மனைவி விதவையாக வேண்டும், பிள்ளைகள் பிச்சையெடுக்க வேண்டும். 1990இல் மண்ணெண்ணெய் வாங்கப் போன அண்ணன் திரும்பாத வீட்டில் இதை எந்தக் குரலில் வாசிப்பது?

நான் மட்டும் விழுங்கவில்லை. கத்தோலிக்கக் குருமார் நாள்தோறும் சொல்லும் செபப் புத்தகத்தை 1971இல் புதுப்பித்தபோது 58, 83, 109 மூன்றையும் முழுதாகவே எடுத்துவிட்டார்கள். 137இன் முடிவும் போயிற்று. பாபிலோனியரின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்கிற இடம் அது. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. என் நாக்கு அந்த வசனத்துக்கு எழவே எழாது. ஆனால் அதைப் பாடியவர்கள் கையில் வாள் இல்லை. எருசலேம் எரிந்தபின் இழுத்துச் செல்லப்பட்டவர்கள் அவர்கள்.

109இல் எதிரிகள் முதலில் பலர். சாபம் தொடங்கும்போது திடீரென ‘அவன்’ என்று ஒருமையாகிறது. ஆகவே அது எதிரிகள் சங்கீதக்காரன்மேல் போட்ட சாபம், அவன் அதைக் கடவுளிடம் திருப்பிச் சொல்கிறான் என்று சில அறிஞர்கள் வாசிக்கிறார்கள். இதைச் சொன்னதும் பெரியம்மா சிரித்துவிட்டார்.

“நல்ல சமாளிப்பு. அவன் ஏசினால் என்ன? தெருவில் நின்று மண் அள்ளித் தூற்றினானா? ஆண்டவரிடம்தானே சொன்னான். செய்வதும் விடுவதும் அவர் பாடு.”

பெரியம்மாவுக்குக் கோபம் வருவது வேறோர் இடத்தில். வெளிப்படுத்தல் 6இல், பலிபீடத்தின் கீழிருந்து கொலையுண்டவர்கள் ‘எதுவரைக்கும்?’ என்று கூப்பிடுகிறார்கள். வெள்ளை அங்கியைக் கொடுத்து, இன்னும் கொஞ்சக் காலம் பொறுக்கச் சொல்கிறது வேதம்.

“கொஞ்சம் என்றால் எவ்வளவு?”

வைகாசியில் இந்தப் பக்கத்துக் கண்ணகை அம்மன் கோயில்களில் குளிர்த்தி பாடுவார்கள். மதுரையை எரித்தவளின் சூடு ஆறவேண்டுமென்று. “அவளை ஆற்றவாவது ஆட்கள் இருக்கிறார்கள்” என்பார் பெரியம்மா, பகிடியாகத்தான்.

அன்றிரவு 6ஆம் வசனத்திலிருந்து மறுபடி வாசித்தேன். விசிறி அசையவில்லை. முடித்ததும், “நாளைக்கு 110, சின்னது” என்றார்.