பரப்பு, தூரம், வேறுபாடு: உயிரிகளின் பொருள் பரிமாற்றத்தை நான் படித்த விதம்

பிளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வில், மண்புழுவுக்கு நுரையீரல் தேவைப்படாதது ஏன் என்ற மூன்று மதிப்பெண் வினாவுக்கு, அது ஈரமான தோலின் வழியாகச் சுவாசிக்கிறது என்று ஒரே வரி எழுதியிருந்தேன். ஒரு மதிப்பெண்தான் கிடைத்தது. விடைத்தாளைத் தந்த ஆசிரியை, "எதால சுவாசிக்குதுன்னு எழுதியிருக்கேம்மா, அதுக்கு அது ஏன் போதும்னு எழுதலையே" என்றார். அந்த "ஏன் போதும்" என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் இந்தப் பகுதி முழுவதையும் மறுபடியும் படித்தேன். இப்போது பிளஸ் ஒன் படிப்பவர்களுக்கு உதவும் என்பதால் அதை எழுதுகிறேன்.

நம் பாடநூலில் இந்தச் செய்திகள் சிதறிக் கிடக்கின்றன. தாவரவியலில் கடத்து முறைகள் ஒரு பாடம். விலங்கியலில் செரிமானமும் சுவாசமும் கழிவுநீக்கமும் தனித்தனிப் பாடங்கள். தனித்தனியாக மனப்பாடம் செய்தால் எல்லாமே சுமைதான். ஆனால் எந்த உறுப்பானாலும் மூன்றே கேள்விகளைக் கேட்டால் போதும்: பொருள் கடந்து செல்லும் பரப்பு எவ்வளவு, கடக்க வேண்டிய தூரம் எவ்வளவு, இரு பக்கத்துக்கும் இடையே செறிவு வேறுபாடு எப்படிக் குறையாமல் காக்கப்படுகிறது? ஜெர்மன் உடலியலாளர் அடால்ஃப் ஃபிக் 1855-இல் பரவலுக்கு (செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் தானாகச் செல்வதற்கு) வகுத்த விதியின் சாரமும் இதுவே. நுரையீரல், செவுள், குடலுறிஞ்சி, வேர்த்தூவி என எதை எடுத்தாலும் இந்த மூன்றுக்கும் விடை எழுதிவிட்டால், விடையின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும்.

பரப்புக்கும் கன அளவுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்காகப் படித்தபோது எனக்கு ஏறவில்லை. பக்கம் 1 செ.மீ. உள்ள கனசதுரத்துக்கு 6:1, 2 செ.மீ. என்றால் 3:1, 3 செ.மீ. என்றால் 2:1 என்று எழுதத் தெரியும். அதன் பொருள் தெரியாது. ஒரு சனிக்கிழமை, மளிகைக் கடையில் கிடைக்கும் சைனா கிராஸைக் காய்ச்சிக் கெட்டியாக உறையவைத்து, இந்த மூன்று அளவுகளிலும் துண்டுகள் வெட்டி, நீல மை கலந்த நீரில் இரவு முழுவதும் மூழ்க வைத்தேன். காலையில் கத்தியால் நடுவே அறுத்துப் பார்த்தேன். மை மூன்றிலும் ஏறத்தாழ ஒரே ஆழத்துக்கு, அரை செ.மீ. அளவுக்குத்தான் போயிருந்தது. சிறிய துண்டு உள்வரை நீலமாகிவிட்டது. பெரிய துண்டின் நடுவிலோ 2 செ.மீ. அளவுக்கு மை தொடாத வெள்ளைக் கட்டி நின்றது. 27 கன செ.மீ.யில் 8 கன செ.மீ.க்கு எதுவுமே போய்ச் சேரவில்லை. அந்த வெள்ளைக் கட்டியைப் பார்த்தவுடன், அமீபாவுக்குச் சுவாச உறுப்பு ஏன் வேண்டியதில்லை, நமக்கு ஏன் வேண்டும் என்பது விளங்கிவிட்டது. தூரம் பத்து மடங்கானால் பரவலுக்கு ஆகும் நேரம் நூறு மடங்காகும் என்பதையும் இதனோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

மண்புழுவுக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. நீண்டு மெலிந்த உடல் என்பதால் கன அளவோடு ஒப்பிடும்போது தோலின் பரப்பு அதிகம். தோல் மெல்லியது, ஈரமானது, அதன் அடியிலேயே இரத்தத் தந்துகிகள் நெருக்கமாக ஓடுகின்றன. ஹீமோகுளோபின் கொண்ட இரத்தம் ஆக்சிஜனை உடனுக்குடன் உள்ளே கொண்டுபோய்விடுவதால் வேறுபாடு குறைவதில்லை. இப்படி எழுதினால் மூன்று மதிப்பெண்ணும் கிடைக்கும்.

சவ்வூடு பரவலில் பலரும் திசையைத் தவறாக எழுதுகிறார்கள். தேர்ந்து கடத்தும் சவ்வின் வழியே, நீர் செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்குச் செல்வதே அது. உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப் சோதனையைச் செய்முறை வகுப்போடு விட்டுவிடாமல் வீட்டிலும் செய்து பாருங்கள். தோல் சீவிய கிழங்கில் குழி தோண்டிச் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, அதன் மட்டத்தில் குண்டூசி குத்தி, நீருள்ள பாத்திரத்தில் வைத்தால், கரைசல் குண்டூசியைத் தாண்டி மேலேறும். அதையே வேகவைத்த கிழங்கில் செய்தால் அப்படி ஏறாது, ஏனெனில் வெந்த செல்களின் சவ்வு தேர்ந்து கடத்தும் தன்மையை இழந்துவிடுகிறது. ரியோ இலையின் ஊதா நிறப் புறத்தோலை உப்புக் கரைசலில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: புரோட்டோபிளாசம் சுருங்கி விலகியபின், செல் சுவருக்கும் சவ்வுக்கும் இடையே நிற்பது வெளியிலிருந்து வந்த உப்புக் கரைசலே. செல் சுவர் எல்லாவற்றையும் விடும், சவ்வுதான் தேர்ந்து விடும். ஒரு மதிப்பெண் வினாவாக அடிக்கடி கேட்கத்தக்க இடம் இது.

சுவாசத்தில் பகுதியழுத்த (வாயுக் கலவையில் ஒரு வாயு மட்டும் தரும் அழுத்தம்) எண்களை வெறும் அட்டவணையாக மனப்பாடம் செய்யாதீர்கள். காற்று நுண்ணறையில் ஆக்சிஜன் 104, அங்கு வரும் இரத்தத்தில் 40. வேறுபாடு 64 மி.மீ. பாதரசம். கார்பன் டை ஆக்சைடோ இரத்தத்தில் 45, நுண்ணறையில் 40. வேறுபாடு வெறும் 5. இவ்வளவு சிறிய வேறுபாட்டில் அது எப்படி வெளியேறுகிறது? அதன் கரைதிறன் ஆக்சிஜனைவிட 20 முதல் 25 மடங்கு அதிகம் என்பதே விடை.

மீனின் செவுளுக்குப் படம் வரையாமல் எழுதாதீர்கள். நீரும் இரத்தமும் ஒரே திசையில் ஓடினால், ஆக்சிஜன் நீரில் 100, இரத்தத்தில் 0 என்று தொடங்கி, இரண்டும் 50-இல் சமமாகிப் பரவல் நின்றுவிடும். எதிரெதிராக ஓடினால், ஆக்சிஜன் ஏறிய இரத்தம் அதைவிட அதிகம் உள்ள புதிய நீரைச் சந்திக்கிறது. ஆக்சிஜன் இறங்கிய நீர் அதைவிடக் குறைவாக உள்ள இரத்தத்தைச் சந்திக்கிறது. வழி நெடுகிலும் வேறுபாடு இருந்துகொண்டே இருப்பதால், நீரிலுள்ள ஆக்சிஜனில் 80 சதவீதம் வரைகூட இரத்தத்துக்குள் வந்துவிடும். இரண்டு இணைகோடுகள், எதிரெதிர் அம்புக்குறிகள், கீழே இந்த எண்கள்: தேர்வில் இதை வரைய இரண்டு நிமிடம்கூட ஆகாது.

சிறுநீரகத்தில் மட்டும் இந்த மூன்று கேள்விகள் போதாது. தந்துகிகளின் முடிச்சான குளோமருலஸில் வடிகட்டுவது இரத்த அழுத்தம். குளுக்கோஸை மீட்பதற்கு ஆற்றல் செலவாகிறது. நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டப்பட்டு, சிறுநீராக வெளியேறுவது சுமார் 1.5 லிட்டர் என்ற எண்களை எழுதும்போதே மீட்பின் அளவு புலப்பட்டுவிடும். ஆனால் சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் கருவியில் பரவல்தான் முதன்மையான வேலையைச் செய்கிறது. நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1943-இல் செல்லோஃபேன் குழாயை வைத்து உருவாக்கிய கருவியிலும் யூரியா அதன் மெல்லிய சுவர் வழியாகத்தான் வெளியே பரவியது. வெளியே ஓடும் திரவத்தில் குளுக்கோஸும் உப்புகளும் இரத்தத்தை ஒட்டிய அளவில் இருக்கும், யூரியா இருக்காது. அதனால் யூரியா வெளியேறும், குளுக்கோஸ் வீணாகாது. இன்றைய கருவிகளில் இரத்தமும் திரவமும் எந்தத் திசைகளில் ஓடுகின்றன என்று கேட்டால், நீங்கள் வரைந்த செவுள் படத்தையே மறுபடியும் வரையலாம்.