பிள்ளைகள் அறைக்குப் பழைய டிராயர் அலமாரி: பெயிண்ட் டப்பாவைத் திறக்குமுன்

கரோசல் இணையச் சந்தையில் பழைய டிராயர் அலமாரிகள் மலிவாகக் கிடைக்கும். வீடு மாறும் அவசரத்தில் "வந்து எடுத்துக்கொண்டால் இலவசம்" என்று போடுபவர்களும் உண்டு. படத்தில் நிறம்தான் கண்ணில் படும். ஆனால் நிறத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். மாற்ற முடியாததைத்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.

ஒரு டிராயரை முழுக்க வெளியே இழுத்து, முன்பலகையின் விளிம்பைப் பாருங்கள். மேலே ஓடும் மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் அசல் மரம். விளிம்பில் மெல்லிய பட்டை ஒட்டியிருந்தால் வெனீர், அதாவது பலகைமேல் ஒட்டிய மெல்லிய மரத்தகடு. ஒரே ரேகை அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் மைக்கா அல்லது காகிதம் ஒட்டிய சிப்போர்டு (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை). மூன்றுக்கும் பெயிண்ட் அடிக்கலாம். கால் பக்கம் தண்ணீர் பட்டு உப்பிய சிப்போர்டை மட்டும் தொடாதீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் அது பழைய நிலைக்கு வராது, ஸ்க்ரூவும் பிடிக்காது. அடியில் கரடுமுரடான மணல்போல் துகள்கள் கொட்டிக் கிடந்தால் உலர்மரக் கறையான். மாவுப் பொடியும் ஊசித் துளைகளும் இருந்தால் வண்டு. இரண்டில் எது இருந்தாலும் லிஃப்டில் ஏற்ற வேண்டாம்.

அடுத்து, மூக்கை டிராயருக்குள் விட்டுப் பாருங்கள். அந்துருண்டை வாடை அடித்தால், வீட்டில் யாருக்காவது ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு உண்டா என்பதுதான் முதல் கேள்வி. அந்துருண்டையில் உள்ள நாப்தலீன் இந்தக் குறைபாடுள்ளவர்களின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். பிள்ளையின் சுகாதாரக் கையேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். குறைபாடு உண்டென்றால் அந்த அலமாரி எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இல்லையென்றால், டிராயர்களைக் கழற்றி வெயிலும் காற்றும் படும் இடத்தில் சில நாள் வையுங்கள். நாப்தலீன் தானே ஆவியாகும் பொருள், சூடு அதை விரைவுபடுத்தும். பிறகு உட்புறத்துக்கு ஷெல்லாக் எனப்படும் அரக்குப் பூச்சு இரண்டு கோட். வாசனை ஸ்ப்ரே வாடையை மறைக்குமே தவிர, நாப்தலீனை எடுக்காது.

கைப்பிடிகளைக் கழற்றியதும் இரண்டு ஓட்டைகளின் மையத்துக்கு மையம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இப்போது கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 96 அல்லது 128 மில்லிமீட்டர். பழையவை 3 அங்குலம், அதாவது 76 மில்லிமீட்டராக இருக்கும். புதுக் கைப்பிடி பொருந்தாவிட்டால் ஓட்டையைப் புட்டியால் அடைப்பது அடிப்பூச்சான பிரைமருக்கு முன்பே நடக்க வேண்டும். ஒவ்வொரு டிராயருக்கும் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டி நம்பர் போடுங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் பழைய டிராயர்கள் இடம் மாறினால் இறுகிக்கொள்ளும்.

பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரால் துடைத்து, சுத்த நீரால் மறுபடி துடைத்து, காயவிடுங்கள். முன்பு சிலிக்கான் கலந்த ஃபர்னிச்சர் பாலிஷ் போட்டிருந்தால், பெயிண்ட் அந்த இடத்தில் வட்ட வட்டமாக விலகி நிற்கும். மினரல் டர்பன்டைனில் நனைத்த துணியை அடிக்கடி மாற்றித் துடைப்பதே இதற்கு வழி. அலமாரிக்கு ஏற்கெனவே கனமான பழைய பெயிண்ட் இருந்தால் அதில் ஈயம் உண்டென்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை உலர்வாகத் தேய்க்கக் கூடாது. சந்தேகம் தீராவிட்டால் வேறு அலமாரி பார்ப்பது மேல்.

பழைய பூச்சு உரியாமல் இருந்தால் முழுக்கச் சுரண்ட வேண்டியதில்லை. 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்தால் போதும். மைக்காவுக்கு 220. வெனீரில் 80 நம்பர் வைத்தால் சில நிமிடத்தில் அடிப்பலகை எட்டிப் பார்க்கும், அந்த ஓட்டைக்கு மருந்து கிடையாது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துத் தேய்ப்பதானால் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும். தூசு அண்டைவீட்டுக் கொடித்துணியில் படியும் என்பதால் ஈர உப்புத்தாளே நல்லது. வெனீரிலும் சிப்போர்டிலும் மட்டும் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பழைய தேக்கு அலமாரிகள் நிறைய உண்டு, அவற்றில்தான் வெள்ளை பெயிண்ட் அடித்தவர்கள் நொந்துபோகிறார்கள். இரண்டு கோட் பளிச்சென்று இருக்கும். பிறகு மஞ்சளாகவோ பழுப்பாகவோ கறை மேலே வரும். மரத்தின் சாயம் தண்ணீரில் கரைவது, தண்ணீர் கலந்த பெயிண்ட் அதை இழுத்துக்கொண்டு வருகிறது. இன்னொரு கோட் அடித்தால் இன்னொரு முறை வரும். அசிட்டோனால் மரத்தின் எண்ணெயைத் துடைத்து, அது காய்ந்த உடனே அரக்கு கலந்த பிரைமர் அடித்தால் கறை அங்கேயே நிற்கும். இந்த பிரைமரும் அசிட்டோனும் எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

பெயிண்ட் எவ்வளவு வாங்குவது? 80 செ.மீ. அகலம், 45 செ.மீ. ஆழம், 80 செ.மீ. உயரம் உள்ள அலமாரியின் மேற்பலகை, இரு பக்கம், முன்பக்கம் சேர்ந்து 1.8 சதுர மீட்டருக்கும் குறைவு. லிட்டருக்குப் பத்து சதுர மீட்டர் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு அரை லிட்டர் தாராளம். தண்ணீர் கலந்த எனாமல் வாங்குங்கள். விளையாட்டுப் பொருளுக்கான இஎன் 71-3 தரம் என்று டப்பாவில் போட்டிருந்தால் நிம்மதி. மூலைகளுக்கு நைலான் பிரஷ், சமதளத்துக்கு 4 அங்குல மைக்ரோஃபைபர் ரோலர். ஓட விட்ட விசிறியை நேராகத் திருப்பாதீர்கள். மேல்தோல் மட்டும் காய்ந்து பிரஷ் கோடுகள் அப்படியே நின்றுவிடும்.

டப்பாவில் "4 மணி நேரம் கழித்து அடுத்த கோட்" என்று இருப்பது நம் ஊர் ஈரக் காற்றுக்குச் சொன்னதல்ல. மழைக்காலத்தில் ஓர் இரவு விடுங்கள், முடிந்தால் ஏர்கானைப் போட்டு அறையைக் காயவிடுங்கள். தொட்டால் ஒட்டாது என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். உள்ளுக்குள் இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் டிராயரை அழுத்தி மூடினால் முன்பலகை சட்டத்தில் பசைபோல் ஒட்டிக்கொண்டு, இழுக்கும்போது பெயிண்ட் தோலாக உரிந்து வரும். ஆகவே ஒரு விரல் இடைவெளி விட்டே வையுங்கள். டிராயரின் பக்கங்களுக்கும் அது ஓடும் கட்டைக்கும் பெயிண்டே வேண்டாம். மெழுகுவத்தி தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

எல்லாம் முடிந்து அறையில் வைக்கும் அன்றே சுவரோடு பிணைத்துவிடுங்கள். பிள்ளை டிராயர்களைத் திறந்து படியாக ஏறும்போது அலமாரி முன்னால் சாயும். அமெரிக்காவில் 2023 செப்டம்பர் முதல் 27 அங்குலமோ அதற்கு மேலோ உயரமுள்ள புதுத் துணி அலமாரிகள் இதற்கான சாய்வுச் சோதனையில் தேற வேண்டும்; பழையவற்றை யாரும் சோதித்ததில்லை. இரண்டு எல் வடிவ இரும்புக் கோணங்களை மேற்சட்டத்தின் கனமான கட்டையில் திருகுங்கள், பின்னால் அடித்த மெல்லிய பிளைவுட்டில் அல்ல. கான்கிரீட் சுவருக்கு ஹேமர் டிரில்லும் பிளக்கும் வேண்டும். தட்டினால் வெற்றொலி கேட்கும் தடுப்புச் சுவருக்கு, உள்ளே விரிந்து பிடிக்கும் டாகிள் போல்ட். பாம் ஷெல்ட்டர் (வீட்டுக்குள் உள்ள பதுங்கு அறை) சுவரில் துளையிடக் குடிமைத் தற்காப்புப் படையின் கட்டுப்பாடுகள் உண்டு, ஆதலால் அலமாரியை வேறு சுவர்ப் பக்கம் நகர்த்துவதே சுலபம்.