அம்மாவின் பட்டும் இவாட்சுகி பொம்மையும்

டோக்கியோவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் பலர் நிஷிகசாய் பக்கம்தான் வீடு தேடுவார்கள். இந்தியக் கடை, தெரிந்த முகம் எல்லாம் அங்கே உண்டு. வாடகை கட்டுப்படியாகாமல் நாங்கள் வடக்கே, சைதாமா நகரத்தின் இவாட்சுகிக்கு வந்தோம். இது பொம்மை செய்கிற ஊர் என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது. நிலையத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பொம்மைக் கடை. 2020இல் திறந்த பொம்மை அருங்காட்சியகமும் இருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் நிக்கோ தோஷோகு ஆலயத்தைக் கட்டிய கைவினைஞர்களில் சிலர் வழியிலிருந்த இந்த ஊரிலேயே தங்கிவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். கிரி என்ற இலேசான மரம் அப்போது இங்கே நிறைய. அதில் அலமாரி, பெட்டி செய்தபோது விழுந்த தூளைக் கோதுமை மாவுப் பசையில் பிசைந்து பொம்மைத் தலை செய்தார்கள். அதில் கண்ணாடிக் கண் பதித்து, சிப்பி ஓட்டுத் தூளை வஜ்ஜிரத்தில் குழைத்துப் பூச்சுமேல் பூச்சாகப் பூசுவார்கள். கண்ணும் சேர்ந்து மூடிவிடும். பிறகு சின்னக் கத்தி முனையால் பூச்சைக் கீறிக் கண்ணைத் திறப்பார்கள். அதைப் பார்த்த அன்று எனக்கு மூச்சே நின்றது.

தலைக்கு ஒருவர், கை கால்களுக்கு ஒருவர், பட்டுநூல் கூந்தலுக்கு ஒருவர், உடுத்திவிட இன்னொருவர். எல்லோரும் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் உயிர் கையில் இருக்கிறது. வைக்கோல் உடம்புக்கு அடுக்கடுக்காக உடுத்தி முடிக்கும்வரை, கம்பி வைத்த இரு கைகளும் பக்கவாட்டில் விறைப்பாக நீண்டிருக்கும். கடைசியில் கலைஞர் அவற்றை அழுத்தி மடக்குவார். தோள் தணிந்து, சட்டையில் மடிப்பு விழுந்து, அதுவரை துணி மூட்டையாக இருந்தது ஆளாக உட்காரும். அந்த வளைவை வைத்தே யார் செய்தது என்று சொல்லிவிடுவார்களாம்.

வெளியாட்கள் கற்றுக்கொள்ள வசதியானது கிமெகோமி என்ற வகை. 18ஆம் நூற்றாண்டில் கியோத்தோவின் கமிகாமோ ஆலயத்தில் மிஞ்சிய மரத்துண்டுகளில் தொடங்கியது. உடம்பில் பள்ளக்கோடுகள் கீறி, பசை தடவி, துணியின் விளிம்பை மெல்லிய தகட்டுக் கரண்டியால் உள்ளே திணிக்க வேண்டும். ஊசி நூலுக்கு வேலையில்லை. சமூகக் கூடத்தில் ஒரு பாட்டியம்மா சொல்லித் தருகிறார். நான் பேசும் ஜப்பானிய மொழி பெரும்பாலும் அந்த மேசையில் கற்றதுதான். 'இன்னும் கொஞ்சம்', 'இழுக்காதே', 'சரி, அப்படியே விடு'. இந்த மூன்றும் பால்வாடியிலும் ரேஷன் வரிசை மாதிரி நீளும் நகராட்சி அலுவலகத்திலும் கைகொடுத்தன.

மார்ச் 3 ஹினா பண்டிகை, பெண் குழந்தைகளுக்காகப் பொம்மை வைக்கும் நாள். அதற்கு மகளுக்காக ராஜா ராணி பொம்மை ஜோடி செய்யத் தொடங்கினேன். இங்கே பெண் குழந்தை பிறந்தால் அம்மா வீட்டுத் தாத்தா பாட்டி ஹினா பொம்மை வாங்கித் தருவது பல குடும்பங்களில் வழக்கம். இதை மதுரைக்கு போனில் சொன்னதும், "அப்போ அது நாங்க செய்ய வேண்டிய சீருடி" என்று அம்மா தன் பழைய பட்டுப்புடவை ஒன்றை அனுப்பிவிட்டார்.

ஜரிகைக் கரை பள்ளத்துக்குள் போகாத கனம். சென்செய், அதாவது சொல்லித் தரும் அந்தப் பாட்டியம்மா, தடவிப் பார்த்துவிட்டு, இது வெளியே தெரியட்டும் என்று ராணியின் முன்பக்கம் வைக்கச் சொன்னார். நைந்த உடல் பகுதிதான் திணிக்க வாகாக இருந்தது. நூல் பிரியாமல் விளிம்பில் பசை தடவி, உலரவிட்டு, பிறகு வெட்டினோம். அரக்கு நிறம் மடிப்புக்குள் இறங்கும்போது இன்னும் ஆழமாகத் தெரிந்தது.

ராணி முடிந்துவிட்டாள். ராஜாவுக்கு அப்பாவின் பட்டு வேட்டி அடுத்த பார்சலில் வருகிறது. கியோத்தோ முறைப்படி அவரை வலப்பக்கம் வைக்கலாம், ஆனால் நாங்கள் இருப்பது கன்தோ, டோக்கியோவைச் சுற்றிய வட்டாரம். பார்ப்பவருக்கு இடப்பக்கம்தான் அவருக்கு இடம்.