மேல்மாடிச் சத்தம்

மேல்மாடியில் குடியிருப்பவர்கள் இரவெல்லாம் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று என் தம்பி முதன்முதலில் சொன்னபோது நான் செய்த காரியத்தை நினைத்து இன்றும் வருந்துகிறேன். அவன் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போய்க் கதவைத் தட்டி, தூக்கக் கலக்கத்தோடு வந்து நின்ற பெரியவரிடம், இவனைப் பற்றி ஏதாவது பேசினீர்களா என்று கேட்டேன். அவர் திகைத்துப்போய் இல்லை என்றார். நேரில் கேட்டுவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நம்பினேன். படியிறங்கும்போது தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் முதல், அவனுக்கு எதிராகக் கூடிவிட்டவர்களின் வரிசையில் நானும் சேர்ந்திருந்தேன்.

அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே மாற்றங்கள் தொடங்கிவிட்டிருந்தன. இருபத்து மூன்று வயதில், நண்பர்களின் அழைப்புகளை எடுப்பதை முதலில் நிறுத்தினான். பிறகு குளிப்பது அரிதாயிற்று. மடிக்கணினியின் கேமராமேல் காகிதம் ஒட்டினான். வேலையை விட்டதை எங்களிடம் சொல்லாமலே காலையில் கிளம்பி எங்கோ போய் மாலையில் திரும்பினான். அப்பா இதைச் சோம்பல் என்றார், அம்மா காதல் தோல்வி என்றார், நான் கைப்பேசியைக் குறை சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு காரணம் கிடைத்துவிட்டதால், எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மாடிப்படிச் சம்பவத்துக்குப் பின் நாங்கள் மூவரும் அவனோடு வாதாடத் தொடங்கினோம். 'உனக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் போகலாம்' என்போம். 'எனக்கு ஒன்றுமில்லை' என்பான். இதை நாங்கள் பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டோம். பிற்பாடு படித்தபோதுதான், தன் நோயைத் தானே உணர முடியாமல் போவதும் நோயின் ஓர் அங்கமாக இருக்கக்கூடும் என்று தெரிந்தது. இதற்கு அனோசக்னோசியா என்று பெயர். மூளைப் பாதிப்பால் உடலின் ஒரு பக்கம் செயலிழந்தும், அப்படி எதுவும் நேரவில்லை என்று உறுதியாகச் சொன்ன நோயாளிகளைப் பற்றி எழுதிய பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி, 1914-இல் அந்தச் சொல்லை உருவாக்கினார். மனச்சிதைவு, அதாவது இல்லாத குரல்கள் கேட்பது, ஆதாரமற்ற சந்தேகங்கள் போன்றவை தோன்றும் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய், உள்ளவர்களில் பலரிடமும் இத்தகைய உணராமை காணப்படுகிறது. அசையாத கையைக் காட்டி வாதாடியும் ஒருவரை நம்பவைக்க முடியாதபோது, கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பற்றி வாதாடி என் தம்பியை நம்பவைத்துவிடலாம் என்று நான் நினைத்திருந்தேன்.

சேவியர் அமடோர் என்ற உளவியலாளரின் அண்ணனுக்கு மனச்சிதைவு இருந்தது. அண்ணனை ஒப்புக்கொள்ள வைக்கத் தாம் ஆண்டுக்கணக்கில் வாதாடித் தோற்றதை அவர் வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். நோயின் பெயரை ஒப்புக்கொள்ள வைப்பதை விட்டுவிட்டு, முதலில் கேளுங்கள், அவருடைய துன்பத்தைப் புரிந்துகொள்ளுங்கள், இருவரும் உடன்படக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்து அதிலிருந்து தொடங்குங்கள் என்பதே அவர் காட்டும் வழி. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால், 'அவர்கள் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள்' என்று தம்பி சொல்லும்போது, ஆமாம் என்று பொய்யும் சொல்லாமல், இல்லை என்று மறுக்கவும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதைப்போல் கடினமான வேலை எனக்கு வேறு இருந்ததில்லை. 'எனக்கு அது கேட்கவில்லை. உனக்குக் கேட்கும்போது எவ்வளவு பயமாக இருக்கும் என்று மட்டும் புரிகிறது' என்ற இரண்டு வாக்கியங்களைப் பலமுறை தனியாகச் சொல்லிப் பழகினேன்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஓர் இரவில்தான், தான் பதினோரு நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை என்று அவனே சொன்னான். தூக்கமின்மை ஒரு பிரச்சினை என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. 'தூக்கத்துக்காக மட்டும் ஒருவரைப் பார்ப்போமா' என்று கேட்டதற்குத் தலையசைத்தான். முதலில் எங்கள் குடும்ப மருத்துவரிடம் போனோம். அவர் இரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். தைராய்டு கோளாறு, பி12 சத்துக் குறைபாடு, போதைப்பொருள் பழக்கம், சில மருந்துகள் ஆகியவையும் மனநோய்போன்ற அறிகுறிகளை உண்டாக்கக்கூடும் என்பதால் அவற்றை முதலில் விலக்க வேண்டும் என்றார். பிறகு அவரே மனநல மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தபோது, தம்பி மறுக்கவில்லை. சொல்லாமல் அழைத்துப் போகலாம், மாத்திரையைச் சாப்பாட்டில் கலந்துவிடலாம் என்றெல்லாம் உறவினர்கள் யோசனை சொன்னார்கள். ஏமாற்றுகிறார்கள் என்ற அச்சத்தாலேயே வாடுகிற ஒருவனை உண்மையிலேயே ஏமாற்றுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவரிடம் போகும் முன் நான் ஒரு குறிப்பேடு வைத்திருந்தேன். என்று என்ன நடந்தது, எத்தனை மணி நேரம் தூங்கினான், என்ன சாப்பிட்டான் என்பதை மட்டும், என் ஊகங்களைச் சேர்க்காமல் எழுதினேன். அதையும் அவனுக்குத் தெரிந்தே வைத்திருந்தேன். மருத்துவருக்கு அது பெரிதும் உதவியது.

ஒரு கேள்வியைக் கேட்க மட்டும் நான் வாரக்கணக்கில் தயங்கினேன். தற்கொலை பற்றிப் பேசினால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. நேராகக் கேட்பதால் அந்த ஆபத்து கூடுவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன என்று மருத்துவர் சொன்ன அன்றே, 'செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா' என்று சுற்றி வளைக்காமல் தம்பியிடம் கேட்டேன். சில நேரம் தோன்றும், ஆனால் எதுவும் திட்டமிடவில்லை என்றான். சொல்லும்போது அவன் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். திட்டம் இருப்பதாக அவன் சொல்லியிருந்தால், அவனைத் தனியே விடாமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பதையும் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார்.

எங்கள் வீட்டைப் பற்றியும் நாங்கள் கற்க வேண்டியிருந்தது. மனநல மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர்களில், பெற்றோரிடமோ மனைவியிடமோ போனவர்களைவிட, விடுதிகளிலோ உடன்பிறந்தவர்களுடனோ தங்கியவர்கள் நன்றாக இருந்ததை ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் 1950-களில் லண்டனில் கண்டறிந்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகளில், வீட்டாரின் ஓயாத குறைகூறலும், பகைமையும், அளவுக்கு மீறிய அக்கறையும் நோய் திரும்புவதோடு தொடர்புள்ளவை என்று தெரியவந்தது. அத்தகைய வீடுகளில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் நேருக்கு நேர் சேர்ந்திருந்தவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம். குடும்பம்தான் நோயை உண்டாக்குகிறது என்பது இதற்குப் பொருளன்று. அம்மா அப்படி எடுத்துக்கொண்டு அழுதபோது இதை நான் பலமுறை விளக்க வேண்டியிருந்தது. குறைகூறல் தவறென்று எல்லோருக்கும் தெரியும், ஆனால் அக்கறையும் பாரமாகும் என்பதுதான் எங்களை உலுக்கியது. முறைவைத்து அவன் அறையிலேயே உட்கார்ந்து, ஒவ்வொரு வாய்க்கும் 'சாப்பிடு, சாப்பிடு' என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் நாங்கள். இப்போது கதவைத் தட்டிவிட்டு நுழைகிறோம். மாலையில் நானும் அவனும் அரை மணி நேரம் நடக்கிறோம். பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நோயின் பெயர் இன்னும் முடிவாகவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி, மனச்சிதைவு என்று சொல்ல அறிகுறிகள் குறைந்தது 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். தம்பியின் அறிகுறிகள் எப்போது தொடங்கின என்பதிலேயே எங்களுக்குள் குழப்பம் இருப்பதால், பொறுத்திருந்து பார்ப்போம் என்கிறார் மருத்துவர். பெயருக்காகக் காத்திருக்காமல் சிகிச்சை நடக்கிறது. மருந்து முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும், இடையில் தானாக நிறுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் மருந்தால் நாள் முழுவதும் தூங்கி வழிந்தான். அதை அவனே மருத்துவரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொண்டான்.

இதையெல்லாம் எழுதலாமா என்று அவனைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். இரண்டு இடங்களை நீக்கச் சொன்னான்; நீக்கிவிட்டேன்.

நேற்று இரவு என் அறைக்கு வந்து நின்று, 'அக்கா, மேலே சத்தம் கேட்கிறதா?' என்றான்.

'எனக்குக் கேட்கவில்லை. உனக்கு?'

'கொஞ்சம் கேட்கிறது. போன வாரத்தைவிடக் குறைவு' என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.