சார்ஜர் டேடோனா மாதிரி: மூன்றாம் வார நிலவரம்

1969ஆம் ஆண்டின் சாதாரண டாட்ஜ் சார்ஜர் காரின் பிளாஸ்டிக் மாதிரிக் கிட் ஒன்றை, 25இல் ஒரு பங்கு அளவில், அதே ஆண்டு வெளிவந்த சார்ஜர் டேடோனாவாக மாற்றி வருகிறேன். டேடோனாவுக்கென்றே தனிக் கிட்டுகள் உண்டு. ஆயினும், அசல் காரும் ஒரு சார்ஜரிலிருந்தே மாற்றி உருவாக்கப்பட்டது என்பதால், அந்த வழியிலேயே செய்து பார்க்க விரும்பினேன்.

முதலில் பின்கண்ணாடி. 1968இல் புதிய வடிவம் பெற்ற சார்ஜரின் அழகே, கூரையின் இருபுறத் தூண்களும் சரிந்து பின்னோக்கி நீள, நடுவில் கண்ணாடி உள்வாங்கி நிற்பதுதான். அந்தப் பள்ளத்தைத் தகடு வைத்து மூடி, புட்டி பூசி, உப்புத்தாளால் நான்கு மாலைப்பொழுதுகள் தேய்த்தேன். நாஸ்கார் எனும் அமெரிக்கக் கார் பந்தயத்தில் அந்தப் பள்ளம் ஏன் தொல்லையானது என்பது அப்போது விரல்களுக்கே புரிந்தது. கூரைமேல் வழுக்கி வரும் காற்று அங்கே சுழன்று, காரின் வேகத்தைக் குறைத்ததோடு பின்பகுதியைத் தூக்கவும் செய்தது. முன்புறம் உள்வாங்கிய கிரில்லும் (முகப்புக் கம்பிவலையும்) காற்றை அள்ளிப் பிடித்தது. இவ்விரண்டையும் மட்டமாக்கி வந்த சார்ஜர் 500 போதாமல் போகவே, கூர்மூக்கும் உயர்ந்த இறக்கையும் கொண்ட டேடோனா பிறந்தது. பந்தய விதிகளின்படி சாலைக்கும் விற்க வேண்டியிருந்ததால் 503 கார்கள் தயாராயின.

அசலில் 23 அங்குல உயரமுள்ள இறக்கை, என் மாதிரியில் 2.3 சென்டிமீட்டர். அரை மில்லிமீட்டர் தகட்டில் வெட்டிய தூண்கள் பசை காய்வதற்குள் வளைந்துவிட்டன. ஒரு மில்லிமீட்டர் தகட்டில் மீண்டும் வெட்டிய பிறகே நிமிர்ந்து நின்றன.

1969 செப்டம்பரில் அமெரிக்காவின் டல்லடேகா பந்தயத் தடத்தில் இறங்கிய முதல் பந்தயத்தையே இக்கார் வென்றது. முன்னணி ஓட்டுநர் பலர் டயர் பாதுகாப்பைக் காரணம் காட்டி அன்று விலகியிருந்தனர் என்பதால், அதன் உண்மையான பெருமையாக நான் கருதுவது, 1970 மார்ச் 24 அன்று அதே தடத்தில் ஓட்டுநர் பட்டி பேக்கர் இக்காரில் மணிக்கு 200.447 மைல் வேகத்தைத் தொட்டதைத்தான். 1971இல் இறக்கை வைத்த கார்களின் எஞ்சினை 305 கன அங்குலத்துக்குள் அடக்கும் விதி வந்தது. 426 கன அங்குல ஹெமி எஞ்சினுக்குப் பழகிய காருக்கு அத்துடன் களம் மூடிற்று.

மூக்கின் இணைப்புக் கோடு இன்னும் பிரைமரில் தெரிகிறது. அதைச் சரிசெய்த பின், பின்பக்கத்தைச் சுற்றி இறக்கைவரை ஏறும் பட்டையைக் கையால் வெட்ட வேண்டும்.