முதலில் அண்டாவை அளந்து பாருங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம்மவர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் சமூகச் சமையற்கூடங்களை ஆராயப் போகும் மாணவர் குழுக்கள் பெரும்பாலும் கேள்வித்தாளோடுதான் போய் நிற்கின்றன. "எத்தனை பேருக்குச் சாப்பாடு போடுறீங்க ஆன்ட்டி?" என்று கேட்டால், "ஒரு இருநூறு பேர் இருக்கும்பா" என்று பதில் வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் ஆய்வு அங்கேயே கோணிவிடும். அந்த இருநூறு தலைக்கணக்கா, தட்டுக்கணக்கா, டப்பாக்கணக்கா? வரிசையில் நிற்கும் பாதிப் பேர் கையில் 2 லிட்டர் ஐஸ்க்ரீம் டப்பா இருக்கும். அதில் சோறும் கறியும் நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ, அதாவது மூன்று தட்டுக்கு மேல். வீட்டில் படுத்திருக்கும் தாத்தாவுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் அதில்தான் போகிறது. தலையை எண்ணினால் இவர்கள் யாருமே கணக்கில் வரமாட்டார்கள்.

ஆகவே முதல் இரண்டு மூன்று முறை போகும்போது யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம். ஒரு தராசு, ஒரு நீளக் குச்சி, ஒரு கம்பி வெப்பமானி, ஒரு நோட்டு. இவை போதும்.

குச்சி எதற்கென்றால், நிரம்பிய 60 லிட்டர் அண்டாவை யாராலும் தூக்கி எடை போட முடியாது, தூக்கவும் கூடாது. காலி அண்டாவில் 5 லிட்டர் தண்ணீர் ஊற்றிக் குச்சியில் ஒரு கோடு, இன்னும் 5 லிட்டர் ஊற்றி இன்னொரு கோடு என்று மேல்வரை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கறி எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்தாலே லிட்டர் தெரிந்துவிடும். அண்டாவுக்கு அண்டா அடிப்பக்கம் மாறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனிக் குச்சி வேண்டும். அரிசி, பீன்ஸ், உருளைக்கிழங்கு, எண்ணெய் எல்லாவற்றையும் அண்டாவில் விழுவதற்கு முன்பே எடை போட்டுவிடுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: நூறு தட்டுக்கு 9 கிலோ அரிசி. வெந்தால் 25 கிலோ பக்கம் வரும், தட்டுக்குக் கால் கிலோ சோறு. சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்) 5 கிலோ, உருளைக்கிழங்கு 5 கிலோ, வெங்காயம், தக்காளி, தண்ணீர் எல்லாம் சேர்த்துக் கறி 20 முதல் 25 லிட்டர், தட்டுக்கு ஒரு நல்ல கரண்டி. நீங்கள் போன இடத்தில் 6 கிலோ அரிசியில் நூறு தட்டு போடுகிறார்கள் என்றால், ஒன்று தட்டு சிறிது, அல்லது கூடவே ரொட்டி கொடுக்கிறார்கள், அல்லது அந்த "நூறு" நூறில்லை. மூன்றில் எது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் ஆய்வு.

கரண்டியையும் நம்பிவிடாதீர்கள். வரிசையின் தொடக்கத்தில் பத்துக் கரண்டி, நடுவில் பத்து, கடைசியில் பத்து எடை போட்டுப் பாருங்கள். அண்டாவின் அடி தெரிய ஆரம்பித்ததும், நிற்பவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பரிமாறுகிறவரின் கை தானாகவே சுருங்கும். கடைசியில் நிற்பவர்கள் யார் என்றும் பாருங்கள். வேலை முடிந்து வருபவர்களாகவோ தூரத்திலிருந்து நடந்து வரும் வயதானவர்களாகவோ இருந்தால், சராசரி அளவைச் சொல்லும் ஆய்வு அவர்களைப் பற்றிப் பொய் சொல்கிறது. என் கண்ணுக்கு ஒரு சமையற்கூடத்தைப் பற்றிய மிக முக்கியமான எண், முதல் கரண்டிக்கும் கடைசிக் கரண்டிக்கும் உள்ள இந்த வித்தியாசம்தான்.

சமையல் தாமதமாவதற்குப் பெரும்பாலும் பீன்ஸ்தான் காரணம். நன்கொடையாக வரும் பீன்ஸ் பல நேரம் பழசு. இரவு முழுக்க ஊறினாலும் சரியாக வேகாது. அவசரத்தில் தக்காளியையோ புளியையோ முன்னாலேயே போட்டுவிட்டால் புளிப்பு ஏறி இன்னும் முரண்டுபிடிக்கும். பீன்ஸ் விரலில் நசுங்கிய பிறகே தக்காளி. ஒரு மணி நேரத் தாமதம் என்றால் ஒரு மணி நேரக் கூடுதல் கேஸ், வரிசையில் ஒரு மணி நேரம் வெயில். அதனால் "எப்போது ஊறவைத்தார்கள்" என்பதற்கும் நோட்டில் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

கேஸ் செலவும் எடையில்தான் தெரியும். சமையலுக்கு முன்னும் பின்னும் சிலிண்டரைத் தராசில் வையுங்கள், வித்தியாசமே செலவு. 9 கிலோ சிலிண்டரில் பெரிய அடுப்பை மாட்டினால் கேஸ் வேகமாக ஆவியாகி, சிலிண்டர் குளிர்ந்து வெளியே பனி பூக்கும், தீ சோர்ந்துபோகும். தீர்ந்துவிட்டது என்று நினைத்து மாற்றிவிடுவார்கள், உள்ளே இன்னும் கேஸ் இருக்கும். 19 கிலோ அல்லது 48 கிலோ சிலிண்டர் வைத்திருக்கும் இடங்களில் இந்தத் தொல்லை குறைவு.

இனி தேதி. மாதம் பார்க்காமல் எடுத்த கணக்கு எதற்கும் உதவாது. அரசு உதவித்தொகை மாதத்தின் முதல் வாரத்தில் வருகிறது: முதியோருக்கு முதலில், பிறகு மாற்றுத்திறனாளிகளுக்கு, பிறகு குழந்தைகளுக்கு. அந்த வாரம் வரிசை குட்டையாக இருக்கும், 20ஆம் தேதிக்குப் பிறகு நீளும். 1994இல் தொடங்கிய பள்ளி உணவுத் திட்டம் பள்ளி நாட்களுக்கானது. விடுமுறையில் பிள்ளைகள் நேரே சமையற்கூடத்துக்கு வருவார்கள். நம்மவர் காலண்டரும் குறுக்கே வரும். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ், புரட்டாசியில் பெருமாளுக்கு மரக்கறி விரதம், ஊரெங்கும் அன்னதானம். கோயில் சமையலறைக்கு அரிசி மூட்டையும் வரும், கைகளும் வரும். செப்டம்பர், அக்டோபரில் மட்டும் போய்ப் பார்த்தால் சாட்ஸ்வொர்த்தில் பசியே இல்லை என்று எழுதிவிடுவீர்கள். அதே இடத்துக்குத் தை பிறந்தபின், ஜனவரியில் பள்ளி திறக்கும் செலவெல்லாம் முடிந்த ஒரு மாதக் கடைசியில் போய்ப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடைக்கவும் வேண்டாம். டர்பன் நடுநகரில் 2015இல் திறந்த டெனிஸ் ஹர்லி மையத்துக்கு வருகிறவர்களில் பலர் தெருவில் படுப்பவர்கள், அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாட்ஸ்வொர்த்தின் வீட்டுப் பின்கட்டுச் சமையலறைக்கு வருகிறவர்களுக்கு வீடு இருக்கிறது, அடுப்பில் வைக்கத்தான் எதுவும் இல்லை. முன்னதில் தட்டை எண்ணலாம், பின்னதில் டப்பாவை எண்ண வேண்டும்.

கேள்வித்தாளை இப்போது எடுக்கலாம். வரிசையில் நிற்பவரிடம் கேட்காதீர்கள், சாப்பாடு போய்விடுமோ என்ற பயத்தில் எதற்கும் "ஆமாம்" என்பார். வாங்கிய பிறகும் மறிக்க வேண்டாம், ஆறிப்போகும். சாப்பிட்டு முடித்தபின், ஓரமாக, உட்கார்ந்து. "பசியோட இருக்கீங்களா?" என்றால் மானம் தடுக்கும். "நேத்து ராத்திரி வீட்டில என்ன சமையல்?" என்றால் பதில் வரும். வரிசையில் தமிழர் மட்டும் இல்லை, ஜூலு பேசும் கோகோக்கள், அதாவது பாட்டிமார், நிறைய. குழுவில் ஜூலு நன்றாகப் பேசும் ஒருவர் கட்டாயம் வேண்டும், ஆங்கிலத்தில் அரைகுறையாகக் கேட்டு ஒப்பேற்றக் கூடாது. பெயர், அடையாள எண், முகம் தெரியும் படம் எதுவும் வேண்டாம். 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் மாணவர் நோட்டுக்கும் பொருந்தும். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதியும், சமையற்கூடத்தை நடத்துபவரின் கையெழுத்திட்ட கடிதமும் வரும்வரை சாப்பிட வருகிற ஒருவரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

வெப்பமானி சின்ன வேலைதான், ஆனால் விட்டுவிடக் கூடாது. 2018இல் வந்த ஆர்638 என்ற உணவுச் சுகாதார விதிப்படி சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. முதலில் பனிக்கட்டித் தண்ணீரில் 0 காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, அண்டாவின் ஓரத்தில் குத்தாமல் நடுவில் குத்துங்கள். சோறுதான் ஆபத்து. மூடிய டப்பாவில் டர்பன் கோடை மதியம் முழுக்க வெதுவெதுப்பாகவே கிடந்தால் கிருமி பெருகும், அதன் நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் போகாது. இப்படி ஒரு அளவு கண்ணில் பட்டால் அறிக்கைக்காகக் காத்திருக்காமல் அன்றே ஆன்ட்டியிடம் சொல்லிவிடுங்கள். அறிக்கை முடிந்ததும் அவருக்குக் கொடுக்க வேண்டியது ஒரு பக்கத் தாள்: நூறு தட்டுக்கு என்ன என்ன எத்தனை கிலோ, கேஸ் எவ்வளவு, அன்றைய கடைவிலையில் மொத்தம் எத்தனை ராண்ட், மாதத்தின் எந்த வாரத்தில் எத்தனை தட்டு. நன்கொடை கேட்டுப் போகும்போது அவர் கையில் இருக்க வேண்டியது அந்தத் தாள்தான்.